வலப்பக்கத்தில் நின்றவர்

ஸெய்னுதீனின் வீடியோக் கடைக்கு அந்தக் கசட் வந்து சேர்ந்ததிலிருந்து திருகோணமலையில் அதைப் பற்றிக் கதைக்காத வாய் இல்லை. கதைத்தவர்களில் பாதிப் பேர் படத்தைப் பார்க்கவேயில்லை என்பது வேறு விஷயம். ஐம்பதுகளில் ஹொலிவூட்காரர் கப்பலேறி வந்து நம்முடைய துறைமுகத்திலேயே எடுத்த படம். ஊர்ச்சனத்தைக் கூட்டி வந்து, தலையில் தொப்பியும் இடுப்பில் சாரமும் மாட்டி, மலாய்க்காரர் என்று நிறுத்தியிருந்தார்கள். அந்தக் காலத்தில் தியேட்டரில் ஓடியதோடு சரி. இத்தனை வருஷம் கழித்து, ஊரில் பாதி எரிந்து மீதி அஞ்சிக்கிடக்கிற நேரம் பார்த்து, ஸெய்னுதீனின் மச்சான் கட்டாரிலிருந்து அதன் கசட்டை ஒரிஜினல் உறையோடு கொண்டுவந்திருந்தார்.

அபிப்பிராயங்களுக்குப் பஞ்சமில்லை. தன் தகப்பன் மூட்டை சுமந்து போவதைத் திரையில் கண்டவன், "இப்பிடி ஒரு படம் இனிமேல் ஆரும் எடுக்க ஏலாது" என்றான். தகப்பனைக் காணாதவன், "சும்மா குப்பை" என்றான். ஓய்வுபெற்ற ஆங்கில வாத்தியார் சோமசேகரம் மாஸ்டருக்கோ படத்தில் எல்லாமே பிழை.

"எங்கட கோயில் இருக்கிற சுவாமிமலையைக் கொள்ளைக்காரன்ர கோட்டை எண்டு காட்டுறான். அதையாவது விடுவம். கப்டன்ர பிரேதத்தைக் கப்பல் ஜெட்டியில இறக்குறாங்கள், அந்த வெள்ளைக்காரி நெஞ்சு வெடிச்சு அழுறாள், பின்னுக்கு ஒரு மடையன் பல்லைக் காட்டிக்கொண்டு நிக்கிறான். இதை வெட்டாமல் விட்டவன் எல்லாம் ஒரு டிரெக்டரோ?" என்று கடைவாசலில் நின்று கேட்டார். கேட்டுவிட்டு அடுத்த காட்சிக்கும் முதல் வரிசையில் இடம் பிடித்தார்.

காட்சி பின்னேரத்தில்தான். இருட்டினால் ஊரடங்கு. கரண்ட் நினைத்தால் வரும், நினைத்தால் போகும். அதனால் ஸெய்னுதீன் டிக்கட்டுக்குப் பதிலாக ஆளுக்கு ஒரு போத்தல் மண்ணெண்ணெய் கேட்டான். அதை ஊற்றித்தான் ஜெனரேட்டர் ஓடியது. குணேஸ்வரி தன் குசினி விளக்குக்கு வைத்திருந்த போத்தலைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டபோது, தங்கை இராசமலர் வாசலில் மறித்தாள்.

"அக்கா, இரவைக்கு விளக்குக்கு என்ன செய்யப்போறாய்?"

"இருட்டில இருப்பம். இருட்டு என்ன, கடிக்குமோ?"

அவள் படம் பார்க்கப் போகவில்லை. புருஷனைப் பார்க்கப் போனாள்.

யோகலிங்கம் போன வருஷம் கப்பல்துறையில் விட்டுவந்த வீட்டை ஒருக்கால் பார்த்துவிட்டு வருகிறேன் என்று சைக்கிளில் போனவர். வீடு எரிந்துகிடந்ததைப் பிறகு போனவர்கள் கண்டார்கள். சைக்கிளையும் அவரையும் ஒருவரும் காணவில்லை. போகாத அரசாங்கக் கந்தோர் இல்லை, கேட்காத முகாம் இல்லை. வீட்டோடு போட்டோ அல்பங்களும் சாம்பலாகிப் போயின. அடையாள அட்டை அவரோடேயே போய்விட்டது. குச்சவெளியில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் கலியாணப்படம் ஒன்று இருந்தது. அதில் அவர் தாலி கட்டக் குனிந்திருந்தார். வடிவாகத் தெரிந்தது தலைப்பாகை மட்டும்.

இப்போது அவரின் முகம் மறந்துகொண்டு வந்தது. அதை ஒருவருக்கும் சொல்ல அவளுக்கு வெட்கம். குரல் நினைவிருக்கிறது, நடை நினைவிருக்கிறது, பீடி மணம்கூட இருக்கிறது. முகத்தை நினைத்தால் மட்டும் வேறு யார் யாரோ வந்து நின்றார்கள். இருபத்திநாலு வருஷம் பக்கத்தில் படுத்தெழும்பிய மனிசன்ரை முகம் இப்படி ஒரு வருஷத்தில் கரைந்து போகுமா என்று தன்மீதே அவளுக்கு ஆத்திரம் வந்தது. படுத்தால் நித்திரையில்லை, எழும்பினால் ஒரு வேலையில் நிற்க முடியவில்லை.

அந்தப் படத்தில் இளந்தாரி யோகலிங்கம் இருந்தார். கலியாணத்துக்கு முந்தி நடந்த சங்கதி. குணேஸ்வரி படத்தைப் பார்த்ததில்லை, ஆனால் கதையைக் கேட்டுக் காது புளித்திருந்தாள். "கமராவைப் பாக்காதே எண்டு சொல்லச் சொல்லப் பாத்தனான். வெள்ளைக்காரன் ஏசிப்போட்டு என்னை வலப்பக்க ஓரத்தில கொண்டுபோய் விட்டவன். ஜெட்டிக் கம்பத்தடியில. ஓரம் எண்டாலும் வடிவாத் தெரிவன்" என்பார்.

வலப்பக்கம். கம்பத்தடி. அதை மந்திரம்போலச் சொல்லிக்கொண்டு அவள் டீவிக்கு முன்னால் பாயில் இருந்தாள்.

படம் தொடங்கியது. ஒரே கோட்டை, ஒரே சண்டை. இரைச்சல் வெளியே கேட்கக்கூடாது என்று ஸெய்னுதீன் சத்தத்தைக் குறைத்துக் குறைத்து, கடைசியில் வெள்ளைக்காரி வாயசைப்பது மட்டும் தெரிந்தது. தெருவில் ஆமி ட்ரக் ஒன்று வந்து நின்றதும் எல்லாத் தலையும் படத்தை விட்டுவிட்டு வாசலுக்குத் திரும்பின. ட்ரக் போனது. மூச்சு வந்தது. பின்வரிசையில் குறிஞ்சாக்கேணியிலிருந்து வந்திருந்த அபூதாஹிர் நிமிஷத்துக்கொருதரம் மணி கேட்டுக்கொண்டிருந்தார். கடைசிப் பாதைப் படகு போய்விட்டால், ஆற்றைக் கடந்து கிண்ணியாப் பக்கம் போக அவருக்கு வேறு படகு கிடையாது. அவரும் சும்மா வரவில்லை. படத்தில் அவரும் ஒரு மலாய்க்காரர்.

"நான் வந்திட்டனா? இன்னும் வரல்லியா?" என்று அவர் கேட்க, பொறுங்கோ காக்கா என்று நாலு பேர் அதட்டினார்கள்.

கடைசியில் ஜெட்டி வந்தது. குணேஸ்வரி எழும்பி முழங்காலில் நின்றாள். கப்டனின் பிரேதத்தை இறக்கினார்கள். வெள்ளைக்காரி அழுதாள். பின்னால் வரிசையாகத் தொப்பிக்காரர்கள் தலைகுனிந்து நின்றார்கள். அவள் கண் வலப்பக்கம் ஓடியது. வரிசையின் கடைசியில் இருபது வயசு அபூதாஹிர் நின்றார். அவருக்கப்பால் டீவியின் பெட்டிதான் இருந்தது. கம்பமும் இல்லை, கம்பத்தடியில் ஆளும் இல்லை.

"அந்தா நான்! அந்தா!" என்று அபூதாஹிர் பின்னாலிருந்து கத்தினார்.

"அவர் எங்கை?" குணேஸ்வரி டீவியின் ஓரத்தைக் கையால் தடவினாள், உள்ளே யாரோ ஒளித்துவைத்திருப்பதுபோல. "வலப்பக்கம் எங்கை? கம்பம் எங்கை, ஸெய்னுதீன்?"

ஸெய்னுதீன் டெக்கை நிறுத்தினான். கலியாண வீடியோ எடுக்கிறவன், அவனுக்குச் சங்கதி விளங்கிவிட்டது.

"அக்கா, தியேட்டர்ப் படம் நீளம். டீவி சதுரம். முழுப்படமும் இதுக்குள்ள கொள்ளாது. அதனால கொம்பனிக்காரன் கசட்டில அடிக்கேக்க ரெண்டு பக்கத்தையும் வெட்டிப்போட்டுத்தான் அடிக்கிறான். எல்லாக் கசட்டும் அப்பிடித்தான்."

"அப்ப அவர்?"

"வெட்டுப்பட்ட பக்கத்தில நிண்டிருப்பார், அக்கா."

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விடமாட்டான் என்பது இதுதான். நெருப்புக்கும் தப்பிக் கடல்கடந்து வந்த ஒரேயொரு முகத்தை, எந்த நாட்டிலோ எவனோ ஒருவன் சதுரத்துக்குள் அடங்கவில்லை என்று வெட்டி எறிந்திருக்கிறான்.

"பாதிப் படத்தைக் காட்டவோ என்ரை மண்ணெண்ணெயை வாங்கினனீங்கள்?" என்று அவள் கத்தினாள். "நீங்கள் எல்லாரும் உங்கட அப்பனை, அண்ணனைப் பாத்தாச்சு. எனக்கு அவற்றை முகம் மறந்துபோச்சு! விளங்குதோ? மறந்துபோச்சு!"

சொல்லிய பிறகுதான் சொல்லிவிட்டோம் என்று அவளுக்குத் தெரிந்தது. முகத்தைச் சீலைத்தலைப்பால் மூடிக்கொண்டாள். எதற்கும் ஒரு அபிப்பிராயம் வைத்திருந்த சோமசேகரம் மாஸ்டர் தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

பின்னாலிருந்து அபூதாஹிர் சனத்தை விலக்கிக்கொண்டு முன்னுக்கு வந்தார்.

"தங்கச்சி, நீங்க அந்தக் கம்பத்தடியில நிண்ட யோகலிங்கத்திர பெண்சாதியா? எனக்கு ஒண்டும் தெரியாதே, புள்ள." பிறகு ஸெய்னுதீனிடம் திரும்பினார். "தம்பி, அந்தக் கட்டத்தைத் திருப்பிப் போடுங்க."

கசட் பின்னால் ஓடித் திரும்பி வந்தது. பிரேதம் இறங்கியது. தலைகள் குனிந்தன. கடைசியாக நின்ற இளம் அபூதாஹிர் வலப்பக்கம் திரும்பி, வாயைப் பொத்தப் பார்த்து, முடியாமல் முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரித்தார்.

"மாஸ்டர் சொல்ற அந்த மடையன் நான்தான்" என்றார் கிழவர். "நான் ஆரைப் பாத்துச் சிரிக்கிறன் தெரியுமா, தங்கச்சி? ஒங்கட மாப்புள்ள யோகலிங்கத்தை. வாயில பைப் வெச்சுப் புகை விட்ட அந்த வெள்ளைக்காரன் அவரை ஏசி ஓரத்தில விட்டான்தானே? அவன் அங்கால திரும்பினதும் இவர் பெருவிரலை வாயில வெச்சு, கன்னத்தை ஊதி, ஒத்தைப் புருவத்தைத் தூக்கி, அவனைப் போலவே நிண்டார். பிரேதம் போகுது, எனக்கெண்டா அடக்க ஏலாமப் போச்சு."

குணேஸ்வரி தலைப்பை மெல்ல இறக்கினாள்.

பெருவிரல், ஊதிய கன்னம், ஒற்றைப் புருவம். சோறு குழைந்துபோய் அவள் அடுப்படியில் எரிந்துவிழும்போதும், மழைநாளில் சைக்கிளைச் சேற்றோடு வீட்டுக்குள் ஏற்றிவிட்டு ஏச்சு வாங்கும்போதும், அவர் அப்படித்தான் வந்து எதிரில் நிற்பார். ஏன் பெருவிரலை வாயில் வைக்கிறார், குழந்தைப்பிள்ளையோ என்று கேட்பாள். அவர் காரணம் சொன்னதேயில்லை. ஊதிய கன்னத்தில் அம்மைத் தழும்பு இரண்டு விரியும். தூக்கிய இடது புருவத்தின் நடுவில் ஒரு வெட்டுக்காயம். அதற்குக் கீழே, சிரிப்பை அடக்கிக்கொண்டு, கரையில் கொஞ்சம் மஞ்சள் படிந்த அந்தக் கண்கள்.

அவளையறியாமல் ஒரு சிரிப்பு வெடித்தது. கண்ணீர் அதற்குப் பிறகுதான் வந்தது.

"இன்னொருக்காப் போடுங்கோ" என்றாள்.

ஜெனரேட்டர் இருமத் தொடங்கியது. எண்ணெய் முடிகிறது என்று ஸெய்னுதீன் கையை விரித்தான். சோமசேகரம் மாஸ்டர் அடுத்த காட்சிக்கென்று காலடியில் ஒளித்துவைத்திருந்த போத்தலை எடுத்து நீட்டினார்.

"இதை ஊத்தும். படம் குப்பைதான். ஆனால் அந்தக் கட்டத்தை மட்டும் போடும்."

"காக்கா, உங்களுக்குப் பாதை போயிடுமே" என்றான் ஸெய்னுதீன்.

"போனாப் போகட்டும்" என்று அபூதாஹிர் பாயில் குந்தினார்.

பிரேதம் மறுபடியும் இறங்கியது. வெள்ளைக்காரி மறுபடியும் அழுதாள். இளம் அபூதாஹிர் வலப்பக்கம் திரும்பிச் சிரித்தார். சபை முழுக்க டீவியைப் பார்த்துக்கொண்டிருந்தது. குணேஸ்வரி மட்டும் டீவிக்கு வலப்பக்கம் இருந்த சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே ஒரு பழைய கலண்டரும் ஆணியும்தான் இருந்தன.

"கொஞ்சம் தள்ளுங்கோ, அவரை மறைக்கிறியள்" என்றாள், சுவரோரம் சாய்ந்திருந்தவரிடம்.

அவர் ஒன்றும் கேட்காமல் தள்ளி இருந்தார்.