அலகு குத்திய கன்னம்

பாஞ்சாலி வேண்டிக்கொண்டது ஒன்றே ஒன்றுதான். மெட்ராஸ் பெரிய ஆஸ்பத்திரியில் புருஷன் கஜபதியின் நெஞ்சைத் திறந்து, கெட்டுப்போன வால்வை எடுத்துவிட்டு, கம்பிக் கூண்டுக்குள் குண்டு ஓடும் புது வால்வை வைத்த அன்று வராந்தாவில் நின்று கைகூப்பினாள்.

"முருகா, என் தாலிய காப்பாத்து. ஆடிக் கிருத்திகைக்கு அலகு குத்திக்கினு உன் மலைக்கு வருவாரு."

யார் கன்னம், யார் வாக்கு? அவனை ஒரு வார்த்தை கேட்டாளா? பாவம், அந்த நேரத்தில் யாருக்குத்தான் கேட்கத் தோன்றும்!

கஜபதி பிழைத்துத் திருத்தணிக்குத் திரும்பினான், பவர்லூமிலும் போய் நின்றான். கரண்டு போய்த் தறி ஓயும்போது அவன் நெஞ்சிலிருந்து டிக் டிக்கென்று கேட்கும். பாஞ்சாலிக்கு அப்போதுதான் மூச்சு வரும்.

டாக்டர் சொல்லியனுப்பியதை அவள் மறக்கவே இல்லை. "வாயில காயம் ஆகக் கூடாதும்மா. கிருமி ரத்தத்துல ஏறி நேரா வால்வுல போய் உக்காந்துக்கும். பல்லு புடுங்கணும்னாகூட எங்கள கேட்டுட்டுச் செய்யுங்க." கடைவாய்ப் பல் வீங்கியபோது, உள்ளூரிலேயே பிடுங்கிவிடலாம் என்றவர்களை வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டு, புருஷனை ரயிலேற்றி மெட்ராசுக்கே கூட்டிப் போய், ஊசி போட்ட பிறகுதான் பல்லைத் தொடவிட்டாள். ஈறு கிழியுமென்று வேப்பங்குச்சியை ஒளித்துவைத்தாள். "பாஞ்சாலி புருஷனுக்கு முறுக்கக்கூட ஊறவெச்சுத்தான் குடுப்பா" என்று தெருவே கிண்டல் செய்தது.

அப்படிப்பட்டவள்தான், ஆடிக் கிருத்திகையன்று குளக்கரையில் அவன் கன்னத்தில் தன் கையாலேயே விபூதி பூசிவிட்டாள். வெள்ளி வேல் இந்தக் கன்னத்தில் நுழைந்து அந்தக் கன்னத்தில் வந்தது. ஒரு சொட்டு ரத்தம் இல்லை. கூட்டம் அரோகரா என்றது. அவன் மலையேறுவதைப் பார்த்து, வாக்கைக் காப்பாற்றிவிட்டோம் என்று அழுதாள்.

ஆவணி பிறந்ததும் காய்ச்சல் வந்தது. சாயங்காலமானால் உடம்பைத் தூக்கித் தூக்கிப் போட்டது. மாத்திரைக்கு அடங்கும், மறுபடி வரும். கடைசியில் அதே ஆஸ்பத்திரி, அதே டாக்டர்.

"இங்க வந்து புடுங்கினதுக்கு அப்புறம் வேற பல்லு எதாவது புடுங்கினீங்களா? வாயில காயம்?"

"ஐயோ, இல்ல சார். காயமே ஆவ வுடல" என்றாள் பாஞ்சாலி. பொய்யில்லை. அவள் மனசறிந்து சொன்னாள்.

பக்கத்தில் நின்ற தங்கை வள்ளிநாயகிக்குச் சும்மா இருக்க முடியவில்லை. "பாவாவ முருகன் கைவுட மாட்டாரு சார். இந்தக் கிருத்திகைக்குத்தான் அலகு குத்திக்கினு மலை ஏறுனாரு."

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். திட்டியிருந்தாலாவது தேவலை.

"அதுவும் காயந்தாம்மா" என்றார்.

பாஞ்சாலி புருஷனின் கன்னத்தைப் பார்த்தாள். கடுகளவு தழும்பு. எத்தனையோ நாளாக அது அங்கேதான் இருந்தது.

"அது சாமி வேலுங்க சார்" என்றான் கஜபதி படுக்கையிலிருந்து, ஈனக் குரலில். பிறகு பெண்டாட்டியைப் பார்த்து, "உனுக்கு மட்டும் இன்னா தெரியும், வுடு" என்றான். அந்த ஒரு வார்த்தைதான் அவளைக் கொன்றது.

பென்சிலின் பாட்டில் பாட்டிலாக ஏறியது. காய்ச்சல் தணிந்தாலும் வால்வு ஓரத்தில் தையல் விட்டுப்போயிருந்தது. "முன்னெல்லாம் இதுக்குக் கத்தியே வைக்கமாட்டோம்மா. மருந்துக்குக் கேட்டா உண்டு, இல்லன்னா இல்ல. இப்ப மறுபடி திறந்து மாத்திப் பாக்கறோம். சில பேர் பொழைக்கிறாங்க" என்றார் டாக்டர். மற்றவர்களைப் பற்றி அவள் கேட்கவில்லை.

கஜபதியை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். கதவு மூடியது. அதே வராந்தா.

"யக்கா, இன்னா மரமாட்டம் நின்னுகினு கீற? வேண்டிக்கோக்கா!"

பாஞ்சாலியின் கைகள் பழக்கத்தில் தானாகக் கூடின. "முருகா" என்று வாய் திறந்தது. அதற்கு மேல் வரவில்லை.

"பயமா கீதுடி" என்றாள். "நான் எதனா சொல்லி, அது அவரு தலையில வுடியும்."

கூப்பிய கையைப் பிரித்து, முந்தானையால் வாயை இறுகப் பொத்திக்கொண்டு, மூடிய கதவுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள்.