பின்வேலிச் சோறு

கான்வெண்டின் பின்பக்கம் பேய் உலாவுகிறது என்று காஜா பேராங் வட்டாரம் முழுக்கப் பேச்சாகிவிட்ட பிறகுதான், தான் வைக்கிற சோற்றைத்தான் அந்தப் பேய் தின்கிறதாம் என்பது ஆயா பாக்கியலட்சுமியின் காதுக்கு வந்தது. துடைப்பமும் கையுமாக வராந்தாவில் நின்றவளுக்கு முதலில் சிரிப்புத்தான். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். இந்தப் பிள்ளைகளோ பட்டப்பகலிலேயே அரண்டு கிடந்தார்கள்.

கதைக்குக் கண், காது, மூக்கு எல்லாம் வைத்தாகிவிட்டது. ஜப்பான்காரன் காலத்தில் தலை வெட்டுப்பட்ட கன்னியாஸ்திரியாம். வெள்ளை அங்கியோடு பின்வேலி அங்சானா மரத்தடியில் நிற்பாளாம். அவள் வந்துபோன இடத்தில் மல்லிகை வாசம் அடிக்குமாம். பூச்செடி இல்லாத இடத்தில் பூவாசம் வந்தால் அது பொந்தியானாக்தான், பிள்ளை பெறும்போது செத்தவள்தான் என்று மலாய்க்காரப் பிள்ளைகள் அடித்துச் சொன்னார்கள். கன்னியாஸ்திரிக்கு ஏதடி பிள்ளை என்று கேட்க ஒருத்திக்கும் தோன்றவில்லை.

ஜப்பான்காரன் இந்தப் பள்ளிக்கூடத்தைப் பிடித்துவைத்திருந்தது என்னவோ உண்மை. சயாம் ரயில்பாதைக்கு ஆள் பிடித்தபோது புக்கிட் ரம்பாய்ப் பக்கத்து ரப்பர் தோட்டத்திலிருந்து பாக்கியத்தின் வீட்டுக்காரரையும் கொண்டுவந்து இங்கேதான் அடைத்தார்கள். கல்யாணமாகி வருசம் திரும்பவில்லை. நடந்தே வந்து வேலிக்கு வெளியே நின்றாள். உள்ளே இதே அங்சானா மரத்தடியில் குந்தியிருந்தவர் அவளைப் பார்த்ததும், "சோறு கொண்டாந்தியா?" என்று கேட்டார். எங்கே கொண்டுவர? அரிசியைக் கண்ணால் பார்க்க முடியாத காலம், மரவள்ளிக் கிழங்கில் ஓடிக்கொண்டிருந்தது பிழைப்பு. "சாயந்தரம் கொண்டாறேன்" என்று சொல்லிவிட்டாள். யார் யார் காலிலோ விழுந்து வாங்கிய அரிசியை வடித்து எடுத்துக்கொண்டு ஓடிவந்தபோது லாரிகள் போய்விட்டிருந்தன.

போனவர்களில் சிலர் திரும்பினார்கள். அவர் திரும்பவில்லை. செத்துவிட்டார் என்று சொல்லவும் ஆளில்லை. அதனால் அவள் பொட்டை அழிக்கவில்லை, தாலியைக் கழற்றவில்லை. யார் கேட்டாலும் "சயாமுக்குப் போயிருக்காரு" என்பாள், ஏதோ பசாருக்குப் போனவரைச் சொல்வது போல. கான்வெண்டில் வேலை கிடைத்த நாளிலிருந்து, சாயங்காலம் கிளம்புமுன் ஒரு பிடி சோற்றை இலையில் எடுத்துப்போய் மரத்தடியில் வைப்பாள். வெள்ளிக்கிழமையானால் தன் தலைப்பூவில் கொஞ்சம் கிள்ளி அதன்மேல் வைப்பாள். படையல் என்று மட்டும் அதைச் சொல்லமாட்டாள். படையல் செத்தவர்களுக்கு. இது கொண்டாறேன் என்று சொன்ன சோறு, அவ்வளவுதான்.

ஹாஸ்டல் பிள்ளைகளைப் பெற்றவர்கள் வந்து அழைத்துப்போக ஆரம்பித்ததும் கான்வெண்டின் தலைமைக் கன்னியாஸ்திரி மதருக்குப் பொறுக்கவில்லை.

"மெர்டேக்காவுக்குச் சுதந்திரக் கொடி ஏத்துறதுக்குள்ள பேயை இறக்கிடணுமாம்," என்றார் ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி தேவதாஸ். நல்ல மனுசர்தான், கிண்டல் இல்லாமல் அவருக்கு வாய் திறக்காது. "நாளைக்குக் காலையில பாதர் வந்து தீர்த்தம் தெளிக்கப் போறாரு. அப்புறம் ஒண்ணும் நிக்காது அங்க."

"ஒண்ணும்னா?"

"எது இருக்கோ அதுதான் ஆயாம்மா."

அன்றைக்குத் தன் சோற்றை அவள் அப்படியே மூடி வைத்தாள். உண்மையைச் சொன்னால் வேலை போய்விடும். அது போனால் போகட்டும், வேறு வேலை பார்த்துக்கொள்ளலாம். சொல்லாமல் விட்டால் அந்த மரத்தடியிலிருந்து எதையோ விரட்டிவிடுவார்கள். அங்கே யாருமில்லை, அவர் சயாமில் இருக்கிறார் என்றுதானே இத்தனை வருசமும் சொன்னாய், பிறகு உனக்கென்ன பயம் என்று அவள் மனசே அவளைக் கேட்டது.

காலையில் பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். தேவதாஸ் தீர்த்தச் செம்பைப் பிடித்திருந்தார். பாதர் மரத்தைப் பார்த்துக் கையை உயர்த்தியபோது பாக்கியம் குறுக்கே போய் நின்றுவிட்டாள்.

"விரட்டாதீங்க பாதர். அது பேய் இல்ல. எங்க வீட்டுக்காரரு."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது உறைத்தது. ஒரே வார்த்தையில் இத்தனை வருசம் சயாமில் உயிரோடு வைத்திருந்தவரைத் தன் வாயாலேயே இந்த மரத்தடிக்குக் கொண்டுவந்துவிட்டாள். அப்படியே மண்ணில் உட்கார்ந்து, தொட்டுத் தாலி கட்டியவனுக்காக முதல் தடவையாக அழுதாள்.

அழுகையினூடே அவள் சொன்னதையெல்லாம், சோறு வைப்பதையும் சேர்த்து, தேவதாஸ் மதரிடம் இங்கிலீஷில் தாழ்ந்த குரலில் சொன்னார். அதில் கிண்டல் இல்லை. மதரின் முகம் சிவந்து, பிறகு இறங்கியது. பாதர் தோட்டங்களில் பழகிய வெள்ளைக்காரர், தட்டுத்தடுமாறித் தமிழ் பேசுவார். "விரட்ட மாட்டேன் அம்மா. அவருக்காகச் செபிக்கிறேன். பேர் சொல்லுங்க."

அவள் தேவதாஸைப் பார்த்தாள். புருசன் பேரை எந்தப் பெண்டாட்டி சொல்வாள்? அவருக்குப் புரிந்தது. "சாமி பேரா ஆயாம்மா? முருகனா? பெருமாளா?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டுப் பார்த்தார். அவள் இல்லை இல்லையென்று தலையை ஆட்டினாள். தோட்டத்தில் வீட்டுக்காரரை அறிந்தவர்கள் லாரியோடு போய்விட்டார்கள், மிஞ்சியவர்கள் எங்கெங்கோ சிதறிவிட்டார்கள். அந்தப் பேர் இப்போது அவளிடம் மட்டுந்தான் இருந்தது.

"மருதமுத்து," என்றாள். யாருக்கும் கேட்கவில்லை. மறுபடியும் சொன்னாள்.

பாதர் அதை இழுத்து நீட்டி, "மாருதாமூத்து" என்று செபத்தில் சேர்த்துக்கொண்டார்.

வேலை போகவில்லை. எலி வருகிறது, சோறு வைக்க வேண்டாம் என்று மட்டும் மதர் சொல்லியனுப்பினார். பேயும் போகவில்லை. பிள்ளைகள் கன்னியாஸ்திரியைக் கைவிட்டார்கள், அவ்வளவுதான். மறுவாரம் பாக்கியம் வராந்தாவைக் கூட்டிக்கொண்டிருக்கையில், வேலியோரம் உருண்டுபோன பந்தை எடுக்க இரண்டு குட்டிகள் ஓடி, மரத்துக்கு முன்னால் வந்ததும் டக்கென்று நின்றன. காட்டில் கண்ணுக்குத் தெரியாதவர்களிடம் மலாய்க்காரர்கள் வழி கேட்பது போல இரண்டும் தலையைக் குனிந்துகொண்டன.

"அங்கிள் மருதமுத்து, தும்பாங் லாலு! கொஞ்சம் வழி விடுங்க!"

அந்தப் பேரை அவ்வளவு சத்தமாக அவள் கேட்டு வெகுகாலம் ஆகியிருந்தது. குட்டிகள் மரத்தடியை மிதிக்காமல் சுற்றிப்போய்ப் பந்தை எடுத்துக்கொண்டு திரும்பி ஓடின. நெற்றி வியர்வையைத் துடைக்கப் போன பாக்கியத்தின் கை, பொட்டுக்குப் பக்கத்தில் வந்து அப்படியே நின்றது.