இருநூறு இடக்கைகள்

முதல் மேலங்கிக்கு இடக்கையைத் தைத்து முடித்த தையற்காரி, வலக்கைக்காக அடுக்கிலிருந்து ஒரு துண்டை எடுத்தாள். பொருந்தவில்லை. வேறொன்றை எடுத்தாள், அதுவும் இடக்கை. பத்துத் துண்டுகளைப் பார்த்தபின் பட்டறை முதலாளியம்மாவிடம் வந்தாள்.

"அக்கா, நீங்களே வந்து பாருங்க. என் வாயால சொல்ல மாட்டேன்."

முதலாளியம்மா பார்த்தாள். நூறு மேலங்கிகளுக்காக வெட்டிய இருநூறு கைத்துண்டுகளும் இடக்கைகளே. உடற்பகுதிகள் யாவும் தைத்து முடிந்திருந்தன. மருத்துவமனைக் கிடங்கு அதிகாரி மாலை நான்கு மணிக்குப் பார்வையிட வருகிறார். அவருக்குப் பிடித்தால் ஆண்டு முழுவதற்குமான தையல் இப்பட்டறைக்கே. இல்லையேல், அதை நம்பி வாங்கிய வெட்டுப்பொறியும் சேர்த்துக்கொண்ட ஆறு பெண்களும் என்னாவது?

வெட்டியவன் அவளுடைய தம்பி. தொழில் தொடங்கிய நாள்முதல் துணியை இரண்டாக மடித்தே வெட்டிப் பழகியவன். மடித்த துணியில், கையின் அளவுக்கு வெட்டிய அட்டையை ஒருமுறை வைத்து வரைந்தால் இடமும் வலமும் தாமே கிடைக்கும். இம்முறைதான் துணியை மடிக்காமல் நூறு அடுக்காக விரித்தார்கள். இரண்டாம் கைக்கு அட்டையைப் புரட்டிப் போட வேண்டும் என்பது அவனுக்குத் தோன்றவேயில்லை.

அவன் ஒரு கைத்துண்டைப் புரட்டிப் பார்த்தான்.

"உள்பக்கத்தை வெளியே திருப்பித் தச்சா தெரியுமாக்கா?"

"வெளுத்துத் தெரியும். வாசல்லேயே கண்டுபிடிச்சிடுவாரு."

"ரெண்டும் இடக்கையா உள்ள ஆளாப் பார்த்து வேலைக்கு எடுக்கச் சொல்லுங்க" என்றாள் தையற்காரி.

முதலாளியம்மா கிடங்கு அதிகாரியை அழைக்கத் தொலைபேசியை எடுத்தாள்.

"இப்பவே சொல்லாதீங்கக்கா. நாலு மணி வரைக்கும் பார்ப்போம்" என்றான் தம்பி.

"நாலு மணிக்கு மட்டும் வலக்கை முளைச்சிடுமாடா?"

நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். அவர் ஒன்றே ஒன்று கேட்டார்.

"இன்னைக்கு எத்தனை தருவீங்க?"

"மீதித் துணியில நாப்பதுக்கு வலக்கை எடுக்கலாம் சார். மத்தது துணி வாங்கி வியாழக்கிழமை."

"நாப்பதையும் ஒவ்வொண்ணா போட்டுப் பார்ப்பேன். அப்புறந்தான் மத்த பேச்சு."

அச்சம் தணியவில்லை, கூடிற்று. இனியொரு பிழை நேர்ந்தால் வெட்டுவதற்குத் துணியே இல்லை. தம்பி நாற்பது அடுக்கை விரித்து, அட்டையைப் புரட்டிப் போட்டு வரைந்தான். பொறியை மட்டும் முடுக்கவில்லை.

"என்மேல எனக்கே நம்பிக்கை இல்லக்கா. நீங்க ஒருதரம் பாருங்க."

அவள் அந்தக் கோட்டின்மேல் காகிதத்தை வைத்துப் படியெடுத்தாள். அதைக் கத்தரித்து, முதல் மேலங்கியின் வெறுந்தோளில் ஊசிகளால் பொருத்தினாள். பொருந்திற்று. நம்ப மனமின்றிக் கழற்றி, மீண்டும் பொருத்தினாள்.

"ஓட்டு" என்றவள், பொறி உறுமியதும் கண்களை மூடிக்கொண்டாள்.

சற்று நேரத்தில் தையற்காரி அம்மேலங்கியை அணிந்து வந்து இரு கைகளையும் நீட்டி நின்றாள். முதலாளியம்மா இரண்டையும் தொட்டுத் தடவிப் பார்த்தாள்.

மணி பன்னிரண்டேகால். இன்னும் முப்பத்தொன்பது.