துபாய் மாப்பிள்ளை

அரியலூரைச் சுற்றிச் சுண்ணாம்புக்கல் வெட்டிக் கைவிட்ட பள்ளங்களில் தேங்கும் தண்ணீரைப் பற்றி வளர்மதி முனைவர் பட்ட ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். உதவித்தொகை கிடைத்தால்தான் தொடர முடியும். அடுத்த வருஷம் வயது வரம்பைத் தாண்டிவிடுவாள். விண்ணப்பத்தில் வருமானச் சான்று மட்டும்தான் பாக்கி. கல்யாணமானவள் என்பதால் கணவன் வருமானத்தையும் காட்ட வேண்டுமாம். வெள்ளிக்கிழமை ஐந்து மணி கடைசி.

கணவன் பழனிவேல் அவளை அப்பா வீட்டில் விட்டுவிட்டுப் போய் ஆறு வருஷம் ஆகிறது. அதற்குப் பிறகு ஒரு போன்கூட இல்லை. புதன்கிழமை காலையில் பெரம்பலூர் போய், பஸ் மாறி அவன் ஊரான எறையூரில் இறங்கினாள். வீடு பூட்டிக் கிடந்தது. இன்னொருத்தியைக் கட்டிக்கொண்டு கோயம்புத்தூர் பக்கம் போய்விட்டதாகப் பக்கத்து வீட்டில் சொன்னார்கள். திரும்பும் பஸ்ஸில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வந்தாள்.

வி.ஏ.ஓ. செங்கமலம் ஒரு வழி சொன்னார். கணவனால் கைவிடப்பட்டவள் என்று சான்று வாங்கினால் போதும். அதற்கு அவள் அப்பா வாக்குமூலம் தர வேண்டும், ஊர்க்காரர் இரண்டு பேர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும்.

ஆனால் அப்பா சாமிக்கண்ணு ஊரில் சொல்லிவைத்திருந்தது வேறு. வளைகுடா வேலைக்குப் போகும் லப்பைக்குடிக்காட்டு ஆட்களோடு மாப்பிள்ளை துபாய் போயிருக்கிறார், லீவு கிடைக்கவில்லை. ஆறு வருஷமாக அதே பதில். போதாக்குறைக்கு, தங்கை சிந்தாமணியைப் பெண் பார்க்க ஞாயிற்றுக்கிழமை ஆள் வருகிறார்கள்.

அவள் கேட்டதும் சாமிக்கண்ணு சோற்றுத்தட்டைத் தள்ளிவைத்தார். ஞாயிறு கழியட்டும் என்றார். கழிந்தால் எல்லாமே போய்விடும் என்று அவள் அவர் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவர் அசையவில்லை.

சிந்தாமணிதான் வாயைத் திறந்தாள். "பொய் சொல்லித்தான் எனக்கு மாப்பிள்ள வரணும்னா வேணாம்ப்பா. நாளைக்கு என்னையும் ஒருத்தன் வுட்டுட்டுப் போனா, என்னையும் துபாய்க்காரன் பொண்டாட்டின்னுதான் சொல்லுவீங்க."

சாமிக்கண்ணு பாயை விரித்துப் படுத்துவிட்டார்.

வியாழக்கிழமை காலை வி.ஏ.ஓ. ஆபீஸில் வளர்மதி உட்கார்ந்திருந்தபோது அப்பா வந்தார். கூட மளிகைக்கடை செல்லப்பனும் பக்கத்துத் தெருக் கொளஞ்சியும். சாட்சிக்கு என்று மட்டும் சொல்லிக் கூட்டி வந்திருந்தார். செங்கமலம் எழுதியதை வாசித்துக் காட்டியதும் செல்லப்பன் நிமிர்ந்து பார்த்தார்.

"அப்ப துபாய்ல இருக்காருன்னது?"

"பொய்தான்," என்றார் சாமிக்கண்ணு. "எம் மவள அவன் வுட்டுட்டுப் போயி ஆறு வருசம் ஆவுது."

குனிந்து கையெழுத்துப் போட்டார். கொளஞ்சி பேனாவை வாங்கி, ஒன்றும் கேட்காமல் தன் பெயரை எழுதினார். பிறகு செல்லப்பனும் போட்டார்.

மறுநாள் தாலுகா ஆபீஸில் காத்துக் கிடந்து, மூன்றரைக்குச் சான்றை வாங்கினாள். ஐந்துக்கு ஒன்பது நிமிஷம் இருக்கும்போது விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது.

ஞாயிற்றுக்கிழமை யாரும் வரவில்லை. செய்தி அதற்குள் போயிருந்தது. மதியம் வரை கட்டியிருந்த பட்டுப்புடவையைச் சிந்தாமணி மடித்து வைத்தாள். அப்பா அன்று முழுக்க வளர்மதியின் முகத்தைப் பார்க்கவில்லை.

ஐப்பசியில் உதவித்தொகைப் பட்டியல் வந்தது. அவள் பெயர் இருந்தது. அப்பாவிடம் போய்ச் சொன்னாள். அவர் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார்.

"மாப்பிள்ள எங்கன்னு இனிமே யார் கேட்டாலும் நீயே சொல்லிக்க," என்றார். "என்னால முடியல."