மழையைச் சிறையிட்ட மதகு

மலாயாவில், கிள்ளானுக்கு மேற்கே, கடலோரக் காட்டை வெட்டித் திருத்திய தாழ்நிலத்தில் பொழுது புலர்ந்தது. கடலேற்றமாகிய ஓதம் வடிந்த சேற்றுத்திடலில் நாரைகள் இரைதேட, கரிய மண்ணில் வரிசைகொண்டு நின்ற இரப்பர் தரும் இளம் பால்மரங்கள் பனிநீர் சொட்டின. கற்றறிந்தோரே, ஓதம் ஏறுங்கால் அந்நிலம் கடலினும் தாழ்ந்தது. ஏறுமுன் மதகுப் பலகையை இறக்கிக் கடலைத் தடுப்பதும், வடிந்ததும் அதனைத் தூக்கி வடிகால் நீரைப் போகவிடுவதுமாகிய இரண்டு செயல்களாலேயே அங்கு மரங்கள் பிழைத்திருந்தன.

அம்மதகைக் காத்தவன் அய்யாவு. இராமநாதபுரத்துக் கரிசலில் மும்மாரி பொய்த்து, இரண்டு காளைகளையும் பறிகொடுத்துக் கப்பலேறியவனாதலின், நல்ல மழைநீர் வீணே உப்புநீரிற் கலப்பதை அவன் கண்கொண்டு காணமாட்டான். அவ்வாண்டு பதினைந்து நாள் வெயில் காய்ந்தபின் ஒரு பெருமழை பெய்து வடிகால் நிரம்பியபோது, ஓதம் வடிந்த வேளையிலும் அவன் பலகையைத் தூக்கவில்லை. இரண்டொரு நாளில் மேல்மண் உலர்ந்துவிட்டமையால் எவரும் ஐயுறவில்லை. எட்டாம் நாள் இலைகள் மஞ்சள் பூத்தன. அதனைத் தாகமென்றே எண்ணிய அப்பேதை, பலகையின் இடுக்குகளையும் களிமண் கொண்டு அடைத்தான்!

களையெடுக்கும் அவன் மனைவி மாரியாயி, வாடிய கன்றொன்றைப் பிடுங்கிக்கொண்டு வந்தாள். அக்கன்றுகள் அறுநூறும் அவ்விருவர் கையால் நட்டவை.

"என்னய்யா இது, வேரெல்லாம் அழுகி நாறுது?"

"தண்ணி பத்தலடி, அதான்."

"பத்தலையா? புடுங்கின குழியில கைய வுட்டுப் பாரு!"

விட்டான். முழங்கை வரை நீர் ஏறியது.

மதகுக்கு ஓடினான், ஓதமோ ஏறிக்கொண்டிருந்தது. அப்போது திறந்தால் கடல் உள்ளே புகும். கன்றுகள் மூச்சுமுட்டிச் சாவதை அறிந்தும், பலகைமேல் கைவைத்தபடி உச்சிப்பொழுது கழியுமளவும் நின்றான். அன்று அவன் பட்ட பாட்டைப் பகைவனும் படவேண்டா. ஓதம் இறங்கியதும் பலகையைத் தூக்கிவிட்டு, நேரே, கூலிகளை மேய்க்கும் கங்காணி தம்புசாமியிடம் சென்றான்.

"நான்தாங்க அடைச்சு வச்சேன். எம்மேல்தான் குத்தம்."

கங்காணி வந்து பார்த்தார். பாதிக் கன்றுகள் பட்டுப்போயிருந்தன.

"முந்நூறு கன்னுய்யா! இனிமே மதகை வாசு பாத்துக்கட்டும். நீ மம்முட்டியத் தூக்கிட்டு வடிகாலுக்குள்ள எறங்கு."

இறங்கினான். நாள்தோறும் சேறு வாரினான். மாலையில் மாரியாயியோடு பட்ட இடங்களில் மறுகன்று நட்டான்.

மாரி மீண்டது. ஒருநாள் ஓதம் வடிந்த வேளையில் வானம் பொத்துக்கொண்டு ஊற்ற, புதிய மதகுக் காவலன் வாசு பலகையைத் தூக்காமல் கொட்டகையில் ஒதுங்கி நின்றான். வடிகாலில் முழங்காலளவு நீரில் நின்ற அய்யாவு, அது தொடைக்கு ஏறுவதைக் கண்டான். கரைமேல் நேற்று நட்ட கன்றைக் கண்டான்.

"பலகையத் தூக்குடா வாசு! போவட்டும், எல்லாத் தண்ணியும் போவட்டும்!"

வாசு ஓடிவந்து தூக்கினான். கரிசலில் ஓர் ஊரையே வாழவைக்கத்தக்க அந்நீர், அய்யாவுவின் கால்களைத் தள்ளிக்கொண்டு கடலை நோக்கி விரைந்தது. அவன் மண்வெட்டியைச் சேற்றில் ஊன்றி, முகத்தை மட்டும் கரைப்பக்கம் திருப்பிக்கொண்டான்.