மாப்பிள்ளை உயரம்

வண்டியின் சீட்டை அறுக்க முதலில் ஆக்ஸா பிளேடைத்தான் எடுத்தேன். உள்ளே இருந்த ஸ்பான்ஜ் பிளேடின் பல்லில் சிக்கிக்கொண்டு, அறுபடாமல் கொத்துக் கொத்தாகப் பிய்ந்து வந்தது. “இரும்பு கேட்டை அறுக்கற மாதிரி அறுக்காதப்பா. பன்னு அறுக்கற மாதிரி அறு” என்றாள் ஓவியா. வீட்டுக்குள் போய் அவள் அம்மாவுக்குத் தெரியாமல் காய் நறுக்கும் கத்தியை எடுத்து வந்தேன். இருபத்தைந்து வருடமாக வேங்கிக்காலில் கிரில் பட்டறை நடத்துகிறேன். கலெக்டர் ஆபீஸ் பக்கம் முளைக்கும் புது வீடுகளின் ஜன்னல்களில் பாதிக்கு நான்தான் கம்பி போட்டிருக்கிறேன். ஆனாலும் என் மகளிடம் திட்டு வாங்கித்தான் எனக்கு ஸ்பான்ஜ் அறுக்க வந்தது.

வண்டி பழைய டூ ஸ்ட்ரோக். யாரோ ஒரு ஓசூர்க்காரப் பையன் அதன் முன் ஷாக் அப்சார்பரை மாற்றி, மட்கார்டை டயருக்கு மேல் உயரத் தூக்கி, முள் முள்ளாக டயர் போட்டு, சைலன்சரை வயிற்றோரமாக வளைத்துவிட்டு டர்ட் பைக் ஆக்கியிருந்தான். பிறகு அவனுக்குக் கல்யாணம் நிச்சயமாகி, விற்றுவிட்டான். ஓவியா டூ வீலர் ஷோரூமில் சர்வீஸுக்கு வரும் வண்டிகளை எழுதி வாங்குகிற வேலையில் இருக்கிறாள். மூன்று வருடம் கட்டிய சீட்டுப் பணத்தை எடுத்து இதை வாங்கினாள். என் பங்கு வெல்டிங் மட்டும். அடுத்த மாதம் கோயம்புத்தூர் பக்கம் மண் பந்தயம், பெண்களுக்குத் தனிப் பிரிவு. பெயர் கொடுத்துவிட்டாள். சொந்த வண்டி இருந்தால்தான் சேர்ப்பார்களாம். இதையெல்லாம் அவள் என்னிடம் சொன்னது வண்டி வந்து இறங்கிய பிறகுதான். அதற்கு முன்னால் சொல்லியிருந்தால் நான் வேண்டாம் என்றிருப்பேன் என்று அவளுக்குத் தெரியும். வந்து நின்ற எதையும் என்னால் வேண்டாம் என்று சொல்ல முடியாது என்பதும் தெரியும்.

மற்றவர்களுக்கு வண்டி வாங்குவதோடு வேலை முடிந்துவிடும். எங்களுக்கு அங்கேதான் ஆரம்பித்தது. ஓவியா என்னைப் போலக் குள்ளம். ஏறி உட்கார்ந்தால் இரண்டு காலும் ஊஞ்சலில் உட்கார்ந்த குழந்தையின் கால் போலத் தொங்கின. அதற்காகச் சீட்டை வழித்தோம். வண்டியின் முன்பக்கம் தாழ்வதற்காக முன் ஷாக்கை கிளாம்பில் இன்னும் மேலே ஏற்றி முறுக்கினோம். கிளட்ச் லீவரை அவள் விரலுக்கு எட்டுகிற மாதிரி உள்ளே தள்ளினோம். சைடு ஸ்டாண்டை நான் வெட்டிக் குட்டையாக்கி மறுபடி பற்றவைத்தேன். அவள் அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “இன்னாப்பா இது, ஜெயில் கதவுக்குத் தாழ்ப்பாளா? இத்த மாட்டினா வண்டி ஒரு பக்கமாவே ஓடும்” என்றாள். “லெஃப்டுல திரும்பற வேலை மிச்சம்” என்றேன். கார்புரேட்டரைக் கழற்றி, ஜெட்டை ஊதி, பெட்ரோலில் ஆயில் கலந்து ஊற்றினாள். இந்த மாதிரி வண்டிக்கு வெறும் பெட்ரோல் ஊற்றினால் பிஸ்டன் காய்ந்து இறுகிவிடும் என்றாள். பாட்டிலைக் குலுக்குகிறபோது அவள் முகத்தில் இருந்த கவனத்தை ஷோரூமில் ஒருநாளும் நான் பார்த்ததில்லை. எட்டாவது உதையில் வண்டி பிடித்துக்கொண்டது. பட்டறை முழுக்க நீலப் புகை. பக்கத்து வீட்டு நாய் ஏதோ பிரளயம் வந்த மாதிரி ஓடியது. ஓவியா புகைக்குள் இருந்து சிரித்தாள். பல் மட்டும் தெரிந்தது.

பௌர்ணமி அன்று கீழ்பென்னாத்தூரிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். தனியாக ஒருநாள் வருவானேன், கிரிவலத்துக்கு வரும்போதே பெண்ணையும் பார்த்துவிடலாம் என்று முடிவு செய்திருந்தார்கள். டவுனுக்குள் பஸ் விடாததால் வேங்கிக்கால் வரை வேனில் வந்து, செருப்பை வேனிலேயே விட்டுவிட்டு, வெறுங்காலோடு என் பட்டறை வழியாக வீட்டுக்குள் நுழைந்தார்கள். தரையில் கிடந்த இரும்புத் தூள் அவர்கள் காலில் குத்துமே என்ற கவலையிலேயே நான் பாதிப் பேச்சைக் கேட்கவில்லை. பையனின் அப்பா சக்கரவர்த்திக்கு வேர்க்கடலை வியாபாரம், எங்கள் பக்கம் மல்லாட்டை என்போம். பையன் அருண்பிரசாத் தனியார் பேங்கில் இருக்கிறான். நல்ல உயரம், கெட்ட பையன் இல்லை. அதுதான் கஷ்டம். கெட்ட பையனாக இருந்தால் எனக்குக்கூட வாய் திறந்திருக்கும்.

காப்பி குடித்துவிட்டுக் கிளம்பும்போது பையன் பட்டறையில் நின்றுவிட்டான். வண்டி மேல் போட்டிருந்த தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தான். “டூ ஸ்ட்ரோக்கா மாமா? இப்பல்லாம் இது கெடைக்கவே கெடைக்காதே!” என்றான். மாமா என்று அவன் சொன்னது அதுதான் முதல் தடவை. என் மனைவி தமிழ்செல்வி கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு கண்ணைத் துடைத்தாள்.

சக்கரவர்த்தி வண்டியைச் சுற்றி வந்தார். “இன்னா சம்பந்தி, மாப்ளைக்குன்னு இப்பவே வாங்கிப் போட்டுட்டீங்களா?”

நான் சிரித்துக்கொண்டு, “பின்ன? வேற யாருக்கு, எனக்கா?” என்றேன்.

எல்லாக் கேள்விக்கும் இப்படித்தான் பதில் சொல்வேன். கிரில் எப்போது ரெடியாகும் என்று கேட்டால் “உங்க பேரன் கல்யாணத்துக்குள்ள” என்பேன். டாக்டர் சுகர் இருக்கிறதா என்று கேட்டால் “வீட்லதான் இல்ல” என்பேன். கேட்டவர்கள் சிரிப்பார்கள், பிறகு உண்மையைச் சொல்வேன். அன்றைக்கும் அவர்கள் சிரிப்பதற்காக ஒரு நொடி காத்திருந்தேன். யாரும் சிரிக்கவில்லை. சக்கரவர்த்தி என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அவர் சம்சாரம் ரேணுகாம்பாள் கையில் வைத்திருந்த கற்பூரத்தை அங்கேயே ஏற்றி வண்டிக்குச் சுற்றினார். பையன் சீட்டில் ஏறி உட்கார்ந்தான். அவன் முட்டி இரண்டும் ஹேண்டிலைத் தொட்டன. கல்லாப்பெட்டி மேல் உட்கார்ந்த ஒட்டகம் மாதிரி இருந்தான். “கொஞ்சம் தாழ்வா இருக்கு மாமா. ஏத்திடலாம்ல?” என்றான்.

ஓவியா காப்பி டம்ளர்களை எடுத்துக்கொண்டு வாசற்படியில் நின்றிருந்தாள்.

அவர்கள் மலை சுற்றப் போன பிறகு அவள் பட்டறைக்கு வந்தாள். “ஏம்பா, அது என் வண்டின்னு ஒரு வார்த்த சொல்ல வாய் வர்ல இல்ல?”

“சிரிப்புக்குச் சொன்னேம்மா.”

“யாரும் சிரிக்கலியே.”

உள்ளே இருந்து தமிழ்செல்வி, “தானா வந்த எடம். ஒரு இரும்பு வண்டிக்காக அத்த வுடணுமா? பந்தயத்துல வுழுந்து மூஞ்சி பேத்துக்கினு வந்தா எவன் கட்டுவான்?” என்றாள்.

“எனக்கு எடம் புடிக்கலன்னு நான் சொல்லலம்மா” என்றாள் ஓவியா. “தனியா பேச வுட்டப்ப அவர்கிட்டயே சொன்னேன், அடுத்த மாசம் பந்தயம் இருக்குன்னு. கல்யாணத்துக்கப்புறம் பாத்துக்கலாம்ன்றார். சரி, அத்த நான் பேசிக்கறேன். வண்டி என்னுதுன்னு மட்டும் அப்பா சொல்லட்டும். நான் சொன்னா பொண்ணு இப்பவே கணக்கு பாக்குதும்பாங்க. நீ வாயால குடுத்தத நீதான் வாயால வாங்கணும். போன் பண்ணு.”

மறுநாள் காலையில் பண்ணினேன். அவள் வேலைக்குக் கிளம்பிய கோலத்தில், ஷோரூம் சட்டையோடு, என் எதிரில் நின்றாள். என்ன பேசுவது என்று இரவெல்லாம் உருப்போட்டு வைத்திருந்தேன். ‘அது பொண்ணு அவ காசுல வாங்கினதுங்க, நான் வெளையாட்டுக்குச் சொன்னேன், மாப்ளைக்கு வேற செய்யறோம்.’ இவ்வளவுதான். ஒரு கேட்டுக்குக் கொட்டேஷன் சொல்வதைவிடச் சின்ன வேலை.

“சம்பந்தி, நானே கூப்புடலாம்னு இருந்தேன்” என்றார் சக்கரவர்த்தி. “மலை சுத்தறப்ப பூரா இவன் வண்டிப் பேச்சுதான். போட்டோவ எல்லாருக்கும் அனுப்பிட்டான். மாமனார்னா இப்டி இருக்கணும்னு எங்க சொந்தத்துல எல்லாம் ஒங்க பேருதான் போங்க.”

“அது வந்துங்க...”

“சொல்லுங்க சம்பந்தி.”

ஓவியா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். நல்ல மாமனார் என்று என்னை யாரும் இதற்கு முன்னால் சொன்னதில்லை. நல்ல அப்பா என்றும் சொன்னதில்லை. ஆனால் அது சொல்லாமலே கிடைத்துக்கொண்டிருந்தது. எதையாவது பேசித்தான் ஆக வேண்டும்.

“மாப்ள ஒசரம் எவ்ளோங்க?” என்றேன்.

அவர் சொன்னது என் காதில் விழவில்லை. ஓவியா ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு ஸ்கூட்டியில் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு அவள் சண்டை போடவில்லை. போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஒருநாள் சாயங்காலம் வந்து பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு, சீட்டுக்குப் புது ஸ்பான்ஜை அவளே ஒட்டினாள். முன் ஷாக்கைப் பழைய இடத்துக்கு இறக்கினாள். கிளட்ச் லீவரை வெளியே தள்ளினாள். நான் ஸ்டாண்டை நீளமாக்க உட்கார்ந்தேன். “கனமாவே வெய்யி. அவர் ஜாஸ்தி வெயிட்டு” என்றாள். நான் ஏதோ ஜோக் சொன்னேன். என்ன என்று இப்போது ஞாபகம் இல்லை. வெல்டிங் கண்ணாடி போட்டிருந்ததால் அவள் முகம் எனக்குத் தெரியவில்லை. அதற்காகத்தான் போட்டேனோ என்னவோ, அப்போது பற்றவைக்க எதுவும் மிச்சமில்லை.

பந்தயம் நடந்த ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வண்டி பார்க்க வந்தார். ஏறி உட்கார்ந்தார், கால் சரியாக ஊன்றியது. வேங்கிக்கால் ரோட்டில் ஒரு சுற்று போய் வந்து, “சூப்பர் மாமா” என்றார். பிறகு தயங்கி, “பின்னாடி ஒக்கார எடமே இல்லியே. ஓவியாவுக்கு ஒரு சீட்டும் ஃபுட்ரெஸ்ட்டும் வெச்சுக் குடுங்க. அப்டியே ஒரு சாரி கார்டு. பொடவ சக்கரத்துல மாட்டிடுச்சுன்னா?” என்றார். அவள் மேல் இருந்த அக்கறையில்தான் சொன்னார். “ஆமா மாப்ள, அதுதான் முக்கியம்” என்று தமிழ்செல்வி காப்பியை நீட்டினாள்.

வண்டியைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தேடினாலும் டர்ட் பைக்கில் சாரி கார்டு மாட்ட ஓட்டை இருக்காது. புதிதாகக் கிளாம்ப் செய்து, சக்கரத்தை மறைக்கிற மாதிரி கம்பி வளைத்து, அதற்குக் கீழே கால் வைக்கத் தகடு வைக்க வேண்டும். ஜன்னல் கிரில்லின் தம்பிதான் அது. இந்த ஒரு வேலைக்கு நான் யாரிடமும் கேட்டுக்கொள்ள வேண்டியதில்லை.

“பொடவ கட்டிக்கினு ஒக்காந்தாத்தான் அளவு சரியா வரும்” என்றாள் தமிழ்செல்வி, மாப்பிள்ளை கிளம்பிப் போனதும்.

ஓவியா உள்ளே போய்ப் புடவை கட்டிக்கொண்டு வந்தாள். நான் ஸ்டாண்டில் நின்ற வண்டியைப் பிடித்துக்கொண்டேன். அவள் சீட்டின் பின் நுனியில் ஒருபுறமாக ஏறி உட்கார்ந்து, கொசுவத்தை முட்டிக்குக் கீழே ஒதுக்கினாள். நான் கீழே உட்கார்ந்து சாக்பீஸால் இரும்புப் பட்டையில் கோடு போட்டேன்.

“கம்பி எவ்ளோ கேப்பு வுடுவ?” என்றாள்.

“ஜன்னலுக்குன்னா நாலு இன்ச்சு.”

“இதுக்கு?”

“துணி உள்ள போவாத அளவுக்கு.”

“நெருக்கமாவே வெய்யி.” இரண்டு பக்கமும் கையால் துழாவிவிட்டு, “புடிச்சுக்க ஒண்ணுமே இல்லியேப்பா” என்றாள்.

“மாப்ள தோள புடிச்சுக்கோடி” என்று தமிழ்செல்வி வாசற்படியிலிருந்து சொன்னாள்.

ஓவியா வலது கையைத் தூக்கினாள். அந்த உயரம் எங்கே வரும் என்று யோசித்தாள் போல. கையை இன்னும் கொஞ்சம் மேலே கொண்டுபோனாள். நான் கீழே ஒவ்வொரு கம்பிக்கும் கோடு போட்டு முடிக்கும்வரை, முன் சீட்டில் ஆள் இல்லாத அந்த வண்டியின் மேல், விரல்களை லேசாக மடக்கி, கையைக் காற்றில் அப்படியே வைத்திருந்தாள்.