கூரைக்கு என்ன விலை

ராஜா அண்ணாமலைபுரத்தில் லிஃப்ட் இல்லாத ஒரு குடியிருப்பின் மூன்றாவது மாடியில் காஸ்பரும் லூயிசாவும் இருபத்தாறு வருஷம் வாழ்ந்துவிட்டார்கள். அறுவை செய்தும் லூயிசாவின் முழங்கால் இனிப் படியேறத் தாங்காது என்று டாக்டர் சொன்ன பிறகுதான், இதை விற்றுவிட்டுத் திருவான்மியூரில் ஒரு தரைத்தள வீடு பார்ப்பது என்று முடிவானது.

காஸ்பர் பள்ளியில் இயற்பியல் நடத்தியவர். ஓய்வுபெற்றபோது வந்த பணத்தில் ஆறு லட்சத்தை இந்த வீட்டிலேயே போட்டிருந்தார். மொட்டைமாடியில் வெயிலைத் திருப்பியடிக்கும் வெள்ளை ஓடு, சோலார் பேனல், மேற்கு ஜன்னல்களுக்கு இரட்டைக் கண்ணாடி, கரண்ட் அதிகம் இழுக்காத மின்விசிறிகள். கடைசி மாடி என்றால் கோடையில் அடுப்புக்குள் இருப்பது மாதிரிதான். இவர்கள் வீடு அப்படி இல்லை. விற்கும்போது அந்த ஆறு லட்சமும் திரும்பி வந்துவிடும் என்பதில் அவருக்குச் சந்தேகமே இருந்ததில்லை.

"அதெல்லாம் வராது சார்," என்றார் தரகர் மெஹபூப் அலி. "வாங்குறவங்க மூணே விசயம்தான் கேப்பாங்க. நெலத்துல பங்கு எவ்ளோ, கட்டடம் எத்தினி வருசம், லிஃப்ட் கீதா இல்லியா. உங்க சோலார் யாருக்கு வேணும்?"

"கரண்ட் பில்லக் காட்டறேன்."

"காட்டுங்க, வேணாங்கல. வெலையில மட்டும் ஏத்தாதீங்க."

காஸ்பர் ஏற்றினார். நான்கு குடும்பங்கள் வந்து பார்த்தன. எல்லாரும் காலை பத்து மணிக்கே வந்தார்கள். பில்லை நீட்டினால் மரியாதைக்கு வாங்கிப் பார்த்துவிட்டு, குளியலறை எத்தனை என்று கேட்டார்கள். ஒருவர், பேனலைக் கழற்றிவிட்டால் மாடியில் துணி காயப்போட இடம் கிடைக்குமே என்றார். திருத்தாமலே திருப்பிக் கொடுக்கப்பட்ட விடைத்தாளைப் பார்க்கும் மாணவனைப் போல காஸ்பர் உட்கார்ந்திருந்தார்.

"காலைல யாருக்கு வேர்க்கும்?" என்றாள் லூயிசா. "மத்தியானம் மூணு மணிக்கு வரச் சொல்லுங்க."

அப்படி, அக்னி நட்சத்திர வெயிலில் ஒரு மூன்று மணிக்கு வந்தவள்தான் ஆஃப்ரீன். ஆஸ்பத்திரியில் நர்ஸ், பெரும்பாலும் இரவு வேலை. மூன்று மாடி ஏறி வியர்த்து வந்தவள், படுக்கையறையின் நடுவில் அப்படியே நின்றுவிட்டாள்.

"ஏசி ஓடுதா அங்கிள்?"

"இல்லம்மா. ஃபேன் மட்டும்தான்."

"நான் பகல்ல தூங்குறவ. இப்ப இருக்குற வீட்ல தலகாணி கூட கொதிக்கும்." அவள் பில்லைக் கேட்கவே இல்லை.

பேச்சு நல்லபடியாகப் போனது. ஆனால் பத்திரங்களைப் பார்த்த அவளுடைய வக்கீல் ஒரு முட்டுக்கட்டை போட்டார். மொட்டைமாடி எல்லாருக்கும் பொது. அங்கே ஓடு பதிக்கவும் பேனல் வைக்கவும் மற்றவர்கள் எழுதிக் கொடுத்த சம்மதம் எங்கே? காஸ்பரிடம் அப்படி ஒரு தாளும் இல்லை. அன்றைய செயலாளரிடம் வாய்வார்த்தையாகக் கேட்டதோடு சரி. விலையைக் கூட்டும் என்று அவர் நம்பியதே இப்போது விற்பனையை மறித்து நின்றது.

இப்போதைய செயலாளர் இரண்டாவது மாடி அன்புக்கரசி. பேனல் பொருத்திய நாளில் மாடியில் துளை போடும் சத்தத்தைக் குறை சொல்ல வந்தவளிடம், "உங்களுக்கு இதெல்லாம் புரியாது" என்று முகத்தில் அடித்தாற்போலச் சொன்னவர் காஸ்பர். அதன்பிறகு இருவருக்கும் பேச்சில்லை.

"என்னாலதான் எறங்க முடியாது," என்றாள் லூயிசா. "நீங்க எறங்கிப் போங்க."

போனார். அன்புக்கரசி கதவைத் திறந்து, உட்காரச் சொன்னாள். அவர் விஷயத்தைச் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசவில்லை.

"நாலு வருஷமா எங்க எல்லாரோட மாடியில உங்க வீட்டுக்கு கரண்ட் எடுத்தீங்க சார்," என்றாள். "படிக்கட்டுல ஒரு பல்பு எரியுதா? என்னிக்காவது யோசிச்சீங்களா?"

காஸ்பர் யோசித்ததில்லை. சூரியனிலிருந்து தன் மீட்டர்வரை எல்லாவற்றையும் கணக்குப் போட்டவருக்கு, நடுவில் எட்டு வீடுகள் இருப்பது தோன்றவே இல்லை.

"அன்னிக்கு நான் பேசினது தப்பும்மா," என்றார். "பேனல பொதுவுக்கே எழுதிக் குடுத்துடறேன். தண்ணி மோட்டாரும் படிக்கட்டு லைட்டும் அதுலயே ஓடட்டும். ஓடு மட்டும் இருக்கட்டும்."

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள்.

பேனல் போனதால் விலையை மறுபடி பேச வேண்டியிருந்தது. சாதாரண விலைக்குமேல் ஓட்டுக்கும் ஜன்னலுக்குமாக ஒன்றரை லட்சம் தருவதாக ஆஃப்ரீன் சொன்னாள். "அதுவே பெருசு சார். இந்த ஏரியாவுல யாரும் குட்த்து நான் பாக்கல," என்றார் மெஹபூப் அலி. காஸ்பர் பேரம் பேசவில்லை. மீதி நாலரை லட்சம் எங்கே போனது என்று அவரால் சொல்ல முடியும்: முழங்கால் அறுவை முடிந்து லூயிசா படுத்திருந்த அந்த மே மாதத்தில், மத்தியானங்களில் அவள் முனகாமல் தூங்கினாள். அதைத் தரகரிடம் சொல்லி விலையில் சேர்க்க வழியில்லை.

பதிவு அலுவலகத்தில் கைரேகை வைத்து முடித்ததும் ஆஃப்ரீன் கேட்டாள்: "அந்த ஓட்ட எப்படி அங்கிள் கழுவறது?"

"பங்குனி முடியறதுக்குள்ள ஒரு தடவ. தூசி படிஞ்சா வெயில உள்ள விட்டுடும். ஆசிட் மட்டும் ஊத்தவே கூடாது."

அவள் ஒவ்வொன்றையும் ஃபோனில் குறித்துக்கொண்டாள். வகுப்பில் சொல்வதுபோல, அவர் நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.